தறி எண்ணிய பாடம்

தென்காசி ஸ்டேஷனில் இறங்கியபோது என் குடை சூட்கேஸின் அடியில் கிடந்தது. மலேயாவில் மழைக்குப் பெயர்போன தைப்பிங்கிலிருந்து வந்தவள் நான். இந்தியாவில் வெயில்தான் கொளுத்தும் என்று யாரோ சொன்னதை நம்பி, சேலைகளுக்குக் கீழே குடையை வைத்துப் பூட்டியிருந்தேன். பிளாட்பாரத்திலேயே சூட்கேஸைத் திறந்து அதை இழுத்தெடுப்பதற்குள் முக்கால்வாசி நனைந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற போர்ட்டர், "இது மழையில்லம்மா, சாரலு. இதுக்குப் போயி யாராவது கொடை பிடிப்பாவளா?" என்றார். அவர் தலையில் ஒரு கோணிப்பை இருந்தது.

எங்கள் ஊர் மழையிடம் ஒரு நேர்மை உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு வந்து கூரையைப் பெயர்ப்பதுபோல அடிக்கும், ஆறு மணிக்குப் போய்விடும். இந்தச் சாரல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஊரே இதைக் கொண்டாடியது. எனக்கோ மூன்று வாரமும் ஒரு துணி ஒழுங்காகக் காயவில்லை.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்குப் புதிய பாடத்திட்டம் வேண்டும் என்று எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் கூடிப் பேசி, குற்றாலத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சி முகாமைப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமல், தாங்களே பார்த்து, செய்து படிக்கும்படி பாடங்களை அமைப்பது எப்படி என்பதுதான் முகாமின் நோக்கம். அந்த முறையில் எனக்கு ஏற்கெனவே இரண்டு வருஷப் பயிற்சி உண்டு என்பதைக் கடிதத்தில் படித்த முகாம் தலைவர், உட்கார்ந்து பார்க்கப் போனவளை நிற்க வைத்துப் பேசச் சொல்லிவிட்டார்.

ஸ்டேஷனுக்கு வெளியே குதிரை வண்டி பிடித்தேன். இலஞ்சியைத் தாண்டியதும் வலது சக்கரம் கழன்று எங்களுக்கு முன்னால் ஓடி வாய்க்காலில் விழுந்தது. வண்டிக்காரர் பதறவே இல்லை. "போன வாரமும் இங்கனதான் கழண்டுச்சு. அதுக்கு இந்த எடம் பழகிட்டு" என்று சொல்லிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். கடைசியில் சூட்கேஸை அவர் சுமக்க, குதிரையை நான் பிடித்துக்கொண்டு, குற்றாலத்துக்குள் நடந்தே நுழைந்தோம். குதிரையோடு வந்த மலேயா டீச்சர் என்றுதான் முகாமில் என்னை முதலில் தெரிந்துகொண்டார்கள்.

முகாம் ஒரு பழைய பங்களாவில் நடந்தது. முப்பது ஆசிரியர்கள், அவர்களில் ஆறு பேர் பெண்கள். காலையில் இட்லி, மத்தியானம் சோறும் தண்ணீரான ரசமும், பாடத்துக்கு நடுவில் கறுப்பட்டிக் காப்பி. அந்தக் காப்பி மட்டும் இல்லையென்றால் நான் பாதியிலேயே கப்பல் ஏறியிருப்பேன். என் அறையில் இருந்தவர் செங்கோட்டை ருக்மணி டீச்சர். முதல் நாளே மூன்று மங்குஸ்தான் பழங்களை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, "இதெல்லாம் உங்க ஊர்ல எங்க கெடைக்கப் போவுது, தின்னுங்க" என்றார். எங்கள் வீட்டுக் கொல்லையில் அது உதிர்ந்து காலில் மிதிபடும். அதைச் சொல்ல மனம் வராமல், முதல்முறை தின்பவளைப்போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கரும்பலகையில் ஒரு மாதிரிப் பாடம் எழுதினேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நான் செய்தது, ரப்பர் மரத்தை வைத்து மொழியும் கணக்கும் இயற்கையும் சொல்லிக்கொடுப்பது. "இதைப்போல நீங்களும் ஒன்று எழுதி வாருங்கள்" என்றேன். மறுநாள் முப்பது நோட்டுகள் வந்தன. முப்பதிலும் ரப்பர் மரம். எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இங்கே யார் வீட்டு வாசலில் ரப்பர் மரம் நிற்கிறது?" என்று கத்திவிட்டேன். ருக்மணி டீச்சர் மட்டும் எழுந்து, மலைக்கு அந்தப் பக்கம் தன் அக்கா வீட்டில் நாலு மரம் நிற்பதாகப் பணிவாகச் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் ஒருவர் நோட்டோடு என்னிடம் வந்தார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும், ஒல்லியான ஆள். பெயர் காதர் மைதீன். தென்காசியில் நெசவாளர்கள் தெருவில் இருக்கும் சின்னப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக மூன்றாம் வகுப்பு ஆசிரியர். "டீச்சரம்மா, எங்க தெருவுல மரமும் கெடையாது, ஆறும் கெடையாது. தறிச் சத்தம் மட்டுந்தான் உண்டு. அத வச்சிப் பாடம் போட முடியுமா?" என்றார். முகாமில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான கேள்வி அது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னே சாக்பீஸை எடுத்துவிட்டேன்.

இருவருமாக உட்கார்ந்து 'எங்கள் தெரு' என்று ஒரு பாடம் அமைத்தோம். பிள்ளைகள் குழு குழுவாகப் பிரிந்து வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு குழு கிணறுகளை எண்ணும், ஒரு குழு ஆடுகளை, ஒரு குழு தறிகளை. பிறகு எல்லாரும் சேர்ந்து தெருவைப் படமாகப் போட வேண்டும். அந்தப் படத்தை வைத்துக் கூட்டல், கழித்தல், கட்டுரை எல்லாம். எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளைத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசைகளுக்கு அனுப்பி இதையே செய்திருக்கிறேன். துரையின் நாய்கள் வரை எண்ணி வந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இரண்டாம் வாரம் அவரோடு தென்காசிக்குப் பஸ்ஸில் போனேன். தெருவுக்குள் கால் வைத்ததும் இரண்டு பக்கமும் டக்டக்கென்று சத்தம். சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. பள்ளி ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரே அறையில் இரண்டு வகுப்பு. காதர் மைதீன் சார் மேஜையில் பிரம்பு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை எடுத்து அலமாரிக்குப் பின்னால் போட்டார். "நீங்க இருக்க வரைக்கும் அது அங்கன கெடக்கட்டும்" என்றார்.

அந்த மூன்று நாட்களைப்போல ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை. தறிக் குழுவுக்கு ஜைனம்பு என்ற பெண் தலைவி. எட்டு வயது, முன்பல் இரண்டு விழுந்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "தறி எண்ண வந்திருக்கோம்!" என்று அறிவித்துவிட்டு உள்ளே போவாள். நூல் கட்டு சுற்றி வந்த பழுப்புத் தாள்களை ஒட்டி அகலமான தாள் செய்தார்கள். தறி ஒன்றுக்கு ஒரு சிவப்புக் கட்டம் என்று வர்ணக் காகிதத்தை வெட்டி, தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியால் ஒட்டினார்கள். இருபத்திரண்டு வீடு, இருபத்து மூன்று தறி. "வீட்ட விடத் தறி ஒண்ணு கூட" என்று ஒரு பையன் தானாகவே சொன்னான். யாரும் சொல்லிக்கொடுக்காத கழித்தல். காதர் மைதீன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. இடியாப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும். அவர் மனைவி அடுப்படிக் கதவோரம் நின்றபடி என்னை விசாரித்தார். "டீச்சரக்கா, உங்க ஊர்லயும் பிள்ளைகள இப்பிடித்தான் தெருவுல விடுவாவளா? நேத்துலேர்ந்து இவுக வீட்டுக்கு வந்தும் பாட்டாப் பாடுதாவ. பதினெட்டு வருசத்துல நான் கேட்டதில்ல." காதர் மைதீன் சார் தலையைக் குனிந்துகொண்டு இடியாப்பத்தைப் பிசைந்தார்.

இந்த முகாமின் சான்றிதழ் கிடைத்தால் அவர் பள்ளியில் காலியாக இருந்த தலைமையாசிரியர் இடம் அவருக்குத்தான் என்று பேச்சிருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்தப் படத்தை மலேயாவுக்குக் கொண்டுபோய்க் காட்ட எனக்குத் தர வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டும் வைத்துக்கொண்டேன்.

முகாமின் நிறைவுக்கு முந்தின நாள் கண்காட்சி. பங்களாக் கூடத்தின் நடுச்சுவரில் 'எங்கள் தெரு' தொங்கியது. அதைப் பார்க்க வந்த பெரிய மனிதர்களோடு, குளிக்க வந்து பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்த ஓர் அதிகாரியும் வந்தார். நெசவாளர் சங்கங்களுக்கு நூல் ஒதுக்குவதை மேற்பார்வை பார்ப்பவர். ரொம்ப நல்ல மனிதர், சிரித்த முகம். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "பிரமாதம்! பிள்ளைங்களே போய் எண்ணினதா?" என்று கேட்டார். "அவர்களேதான். நாங்கள் கையே வைக்கவில்லை" என்றேன், பெருமையோடு. அவர் சிவப்புக் கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு எந்தத் தெரு என்று கேட்டார். நானே சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்தார்.

திரும்பிப் பார்த்தபோது காதர் மைதீன் சார் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

வராந்தாவில்தான் விஷயத்தைச் சொன்னார். அந்தத் தெருவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு இரண்டு தறி ஓடியது. கெட்ட வருஷங்களில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். சங்கத்துப் பதிவேட்டில் மட்டும் பழையபடி இரண்டிரண்டாகவே இருக்கிறது. நூல் வருவது பதிவேட்டுப்படி. "ரெண்டு தறிக்கு நூல் வந்தாத்தான் டீச்சரம்மா ஒரு தறி மாசம் பூரா ஓடும். இல்லன்னா பாதி மாசம் எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு உக்காரணும்" என்றார். அதிகாரி திங்கட்கிழமை தெருவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"உங்களுக்கு இது முன்னாலேயே தெரியும்தானே?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

"தெரியாம இருக்குமா? நானும் அந்தத் தெருக்காரன்தான், எங்க அண்ணன் வீட்டுலயும் ரெண்டுன்னுதான் எழுதியிருக்கு" என்றார். பிறகு, "பிள்ளைக எண்ணிக்கிட்டு ஓடி வரும்போது எனக்குப் பாடந்தான் தெரிஞ்சுது. வேற ஒண்ணும் தெரியல. அப்பிடி ஒரு நாளு எனக்கு வாய்ச்சதில்ல பாத்துக்கிடுங்க" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள வாயெடுத்த எனக்கு, என்மேலேயே வெறுப்பு வந்தது. பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பச் சொன்னது நான். அது யார் வீடு, அந்த வீட்டில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு வார்த்தை கேட்காதவள் நான்.

மறுநாள் காலையில் அதிகாரியைத் தேடிப் போனோம். ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருக்கிறார் என்றார்கள். போனால், மனிதர் பாறைமேல் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார். தேய்ப்பவர் அவர் முதுகைப் பரோட்டா மாவைப்போல் அடித்துப் பிசைந்துகொண்டிருந்தார். அந்தக் கோலத்தில் இருப்பவரிடம் ஒரு பெண் போய் எப்படிப் பேசுவது? கடையோரம் ஒதுங்கி ஒன்றரை மணி நேரம் நின்றோம். பக்கத்தில் இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் மாமியார் அடிக்கிறாள், இங்கே தண்ணீர் அடிக்கிறது, ஆனால் தண்ணீருக்குக் காசு செலவழித்து வர வேண்டியிருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். காதர் மைதீன் சார் குடை இருந்தும் பிடிக்காமல் சாரலில் நனைந்துகொண்டு நின்றார்.

குளித்து முடித்து, தலை துவட்டிக்கொண்டு வந்த அதிகாரி எங்களை உட்கார வைத்து வடை வாங்கிக் கொடுத்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "எனக்கு மட்டும் அந்தத் தெருவைப் பட்டினி போடணும்னு ஆசையா? ஆனா பத்துப் பேர் முன்னால பார்த்துட்டேன். பார்க்கலைன்னு சொல்ல முடியாது. அந்த எண்ணிக்கையே தப்புன்னு, பாடத்தை நடத்தினவங்க எழுதிக் குடுத்துட்டா, நான் ஏன் வீடு வீடாப் போகப் போறேன்?" என்றார்.

"இது வெறும் சித்திரப் பயிற்சி என்று எழுதித் தருகிறேனே" என்றேன்.

"அது போதாது டீச்சர். எண்ணிக்கை தப்புன்னு இருக்கணும். படத்து மேலயும் எழுதிடுங்க. நாளைக்கு யாராவது அதைத் தூக்கிட்டு வந்தா எனக்குப் பதில் வேணுமில்ல."

என் தட்டில் வடை அப்படியே இருந்தது. எண்ணிக்கை சரி என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் காதர் மைதீன் சாரைப் பார்த்தேன். மறுத்துவிடுங்கள் என்று அவர் ஒரு பார்வை பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவர், "எழுதிருவோம் டீச்சரம்மா" என்றார்.

பங்களாவுக்குத் திரும்பி எழுதினோம். பிள்ளைகளுக்கு எண்ணத் தெரியவில்லை, ஆசிரியர் சரிபார்க்கவில்லை, வழிகாட்டியவரும் கவனிக்கவில்லை. கீழே இரண்டு கையெழுத்து. பிறகு படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேஜையில் விரித்து, சிவப்பு மையால் மூலையில் 'எண்ணிக்கை பிழை' என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் பார்த்த மிகச் சிறந்த பாடம் அது. அதைப் பிழை என்று எழுத எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மத்தியானம் முகாம் தலைவர் எங்களை அழைத்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர், யாரையும் நோகப் பேசாதவர். அதிகாரிக்குக் கொடுத்த கடிதத்தின் நகலை இரண்டு முறை படித்தார். "பாடத்தைச் சரிபார்க்கலன்னு நீரே எழுதிக் குடுத்திருக்கீரு. இதுக்கு மேல சான்றிதழ்ல நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுவேன், சொல்லும்?" என்றார். காதர் மைதீன் சார், "வேண்டாம் சார், சரிதான்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, பேச வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். அன்று சாயங்காலம் இருபத்தொன்பது பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன்.

அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். திங்கட்கிழமை தெருவுக்கு யாரும் வரவில்லை. சங்கத்திலிருந்து வழக்கம்போல் நூல் வரும் என்று செய்தி வந்தது.

செவ்வாய்க்கிழமை எனக்கு ரயில். பிழை என்று எழுதிய படத்தை மலேயாவுக்குக் கொண்டுபோக இனி வழியில்லை. அதைச் சுருட்டிக்கொண்டு காலையிலேயே தென்காசிப் பள்ளிக்குப் போனேன். தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வாசலில் நின்ற பெரியவர் என்னைப் பார்த்ததும் சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதில் தவறு சொல்ல என்ன இருக்கிறது?

மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஒரே ராகத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு. காதர் மைதீன் சார் எழுந்து வந்து படத்தை வாங்கிக்கொண்டார். "இருந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க, அவ போட்டு வச்சிருக்கா" என்றார். குரலில் குறையோ கோபமோ இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்றேன். "நீங்க என்ன செய்வீய, விடுங்க" என்றார்.

நாங்கள் பேசுவதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் மேஜையைச் சூழ்ந்து படத்தைப் பிரித்துவிட்டார்கள். ஜைனம்பு மூலையில் இருந்த சிவப்பு எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், தப்புன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"நான் வீட்டுக்குள்ள போயி தொட்டுத் தொட்டுத்தான் எண்ணினேன். சரியாத்தான எண்ணினேன்?"

காதர் மைதீன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே திண்ணையில் தெருக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரால் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாது. நாளைக்கும் மறுநாளும் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் அவர். ஊரைவிட்டுப் போகப் போகிறவள் நான்தான்.

"இல்லம்மா, தப்பா எண்ணிட்டே" என்றேன்.

அவள் படத்தில் தன் வீட்டைத் தேடி, அங்கே ஒட்டியிருந்த ஒற்றைச் சிவப்புக் கட்டத்தில் விரலை வைத்தாள். "எங்க வீட்டுலயுமா?"

அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒரே ஒரு தறிதான். அதன் பக்கத்தில்தான் பாய் போட்டுத் தூங்குவாள் என்று அவளே எனக்குக் காட்டியிருந்தாள்.

"ஆமா, உங்க வீட்டுலயும்" என்றேன்.

அவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை என்று சண்டைக்கு வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தாள். பிறகு, "சரி டீச்சர்" என்று தலையை ஆட்டினாள். அந்தப் பிள்ளை என்னை நம்பிவிட்டது.